பெயர்ப் பலகைகளுக்கு முன்னால் ஒரு சட்டம்: பிரான்சைஸ் வணிகம் குறித்துச் சுற்றுலா, முதலீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும், இலங்கை முதலீட்டுச் சபைக்கும், வர்த்தகத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும்

மதிப்புக்குரியீர்,

2018ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு 23 இலட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல், பெருந்தொற்று, 2022இன் பொருளாதார முறிவு என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளில் அந்த எண்ணிக்கை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே போய், 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. மீட்சி தொடங்கியதும் முதலீட்டு மாநாடுகளிலும் கண்காட்சிகளிலும் ஓர் அழைப்பு உரத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறது: பயணிகள் பெருகுகிறார்கள், உலகம் அறிந்த உணவு, தங்குமிட, சேவை நிறுவனங்களின் பெயரையும் முறையையும் உரிமம் பெற்று (பிரான்சைஸ் என்பது இதுவே) இங்கே கிளை திறக்க இதுவே தருணம் என்பது. அந்த அழைப்பில் தவறில்லை. ஆனால் அதை விடுக்கிறவர்கள் எழுதி முடித்திருக்க வேண்டிய ஒரு சட்டம் இன்னும் எழுதப்படவில்லை என்பதையும், அச்சட்டம் வெளிநாட்டுப் பெயர்களை வாங்குவதற்கு மட்டுமல்லாமல் நம்முடைய பெயர்களை நாமே கிளைபரப்புவதற்கும் உதவும் விதத்தில் எழுதப்பட வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கிழக்கிலும் வடக்கிலும் உள்ள சிறு விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே இந்த வாய்ப்பை மேடையிலிருந்து அல்ல, பேரேட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அங்கிருந்து பார்க்கையில் முதலில் எழும் கேள்வி இந்த வாய்ப்பு யாருக்கு என்பதே. பெரிய நாடுகளில் ஒரு நிறுவனம் மாநிலத்துக்கு ஒருவர், நகரத்துக்கு ஒருவர் என்று உரிமத்தைப் பிரித்துக் கொடுப்பதுண்டு. இரண்டு கோடிச் சொச்சம் மக்களைக் கொண்ட தீவுக்கு வரும்போது அதே நிறுவனம் நாடு முழுவதற்குமான தனியுரிமையை ஒரே கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கை பெரும்பாலும் கொழும்பில் தலைமையகம் கொண்ட, வங்கி முதல் பல்பொருள் அங்காடி வரை ஏற்கெனவே நடத்திவரும் ஒரு பெருங்குழுமத்தினுடையதாக இருக்கிறது. அக்குழுமம் கிளைகளைத் தானே நடத்துமேயன்றி, மட்டக்களப்பில் ஒருவருக்கும் எல்லவில் ஒருவருக்கும் உள்ளுரிமம் (தன் உரிமத்தின் கீழ் கிளை நடத்தும் உரிமை) கொடுப்பது அரிது. அப்படியிருக்க, மாவட்டம் மாவட்டமாகக் கூட்டம் கூட்டி ‘பிரான்சைஸ் எடுங்கள், தொழில்முனைவர் ஆகுங்கள்’ என்று இளைஞர்களிடம் சொல்வதில் எவ்வளவு பொருள் இருக்கிறது? அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் அந்தக் கிளையில் ஒரு வேலை மட்டுமே. வேலையும் வேண்டியதுதான், ஆனால் அதை வணிக வாய்ப்பு என்று அழைக்கக் கூடாது.

உள்ளுரிமம் உண்மையாகவே கிடைக்கும் இடங்களிலும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தால் கதை வேறாகிறது. ஆரம்பக் கட்டணம், கடையின் உள்ளமைப்புக்கு அவர்கள் சொல்லும் ஒப்பந்தக்காரர், அவர்கள் சொல்லும் அடுப்பு, அவர்கள் அனுப்பும் மென்பொருள் ஆகியவை முதலில் வரும். பின்னர் மொத்த விற்பனையில் ஐந்து அல்லது ஆறு சதவீதம் உரிமக் கட்டணம், விளம்பர நிதிக்கு மேலும் இரண்டு மூன்று சதவீதம். இங்கே ‘மொத்த விற்பனை’ என்ற இரண்டு சொற்களில்தான் முழுச் சுமையும் இருக்கிறது. கடை இலாபத்தில் ஓடினாலும் நட்டத்தில் ஓடினாலும் அந்தப் பங்கு முதலில் போய்விடும். வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமக் கட்டணத்தில் இங்கே பிடிக்கப்படும் வரியையும் உரிமம் பெறுநரே ஈடுசெய்ய வேண்டும் என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் பின்பக்கத்தில் இருக்கும். இதற்கெல்லாம் மேலாக, விற்பனை எவ்வளவு குறைந்தாலும் மாதந்தோறும் இத்தனை டொலர் கட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் இருக்கக்கூடும்.

இந்தக் கடைசி நிபந்தனை நம் தீவில் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். அறுகம்குடாவில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். சித்திரை பிறந்ததும் அலைச்சறுக்கு வீரர்கள் வரத் தொடங்கி, புரட்டாதி வரை கடற்கரை நிரம்பியிருக்கும். அக்காலத்தில் மாதம் 50 இலட்சம் ரூபாய் விற்பனை நடந்தால் ஆறு சதவீதமாக மூன்று இலட்சம் போவது பெரிய வலியாகத் தெரியாது. வடகீழ்ப் பருவக்காற்று இறங்கியதும் அதே தெருவில் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும். மார்கழியில் விற்பனை எட்டு இலட்சம் என்றால் ஆறு சதவீதம் 48,000 ரூபாய்தான். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 1,000 டொலர் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், டொலர் 300 ரூபாயாக இருக்கும்போது மூன்று இலட்சம் ரூபாய் அனுப்பியாக வேண்டும். ஆறு சதவீதம் என்று கையொப்பமிட்டது அந்த மாதத்தில் முப்பத்தேழு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நினைவில் வைத்துக்கொண்டு இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் ரூபாயைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. பணம் அனுப்பச் சட்டம் தடையாக இல்லாவிட்டாலும், அனுப்புவதற்கு நாட்டில் பணம் இல்லை. உரிமம் வழங்குநரோ தாமதத்துக்கு வட்டி கேட்கலாம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம்.

ஒரே நாட்டில் இரண்டு பருவங்கள் என்பது உண்மையில் நமக்குக் கிடைத்த பெரும் வசதி. ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ பகுதிகள் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை நிரம்பும்போது கிழக்கு ஓய்ந்திருக்கிறது. தெற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கின்றன. இரு கரைகளிலும் கிளை வைத்திருக்கும் ஒருவர் ஆட்களையும் உபகரணங்களையும் ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றி இரண்டு பருவத்தையும் அறுவடை செய்யலாம். ஆனால் வெளிநாட்டில் அச்சடித்து வரும் ஒப்பந்தங்களில் ‘கடையைப் பருவத்துக்கு மூடலாம்’ என்ற வசதி வழக்கமாக இருப்பதில்லை. ஆண்டின் எல்லா நாளும், குறித்த நேரத்தில், குறித்த பட்டியலோடு திறந்திருக்க வேண்டும் என்பதே அவற்றின் நிபந்தனை. பருவக்காற்றை அறியாதவர்கள் எழுதிய தாளில் பருவக்காற்றை எழுதிச் சேர்க்கும் பேரம்பேசும் வலு தனி ஒருவருக்கு இல்லை. அரசுக்கு உண்டு.

தீவுக்கே உரிய இன்னொரு சிக்கல் சரக்கு. ஐஸ்லாந்தும் ஒரு தீவுதான். அங்கே 2008இல் வங்கிகள் சரிந்து நாணயம் வீழ்ந்தபோது, மூலப்பொருட்களை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்யும்படி விதிக்கப்பட்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கிளைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் 2009 ஒக்டோபருடன் மூடப்பட்டன. உரிமம் பெற்றிருந்தவரோ அதே கடைகளை ‘மெட்ரோ’ என்ற பெயரில் உடனே திறந்து, உள்ளூர் இறைச்சியையும் காய்கறியையும் கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார். (கடைசி நாளில் வாங்கிய ஒரு பர்கரை ஒருவர் பத்திரப்படுத்தி வைக்க, அது பல ஆண்டுகளாகக் காட்சிப் பொருளாக இருந்தது, அதைப் பார்க்கவும் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்.) கட்டடமும் ஆட்களும் அடுப்பும் உள்ளூர்ப் பண்ணையும் அப்படியே இருந்தன, பெயரும் இறக்குமதி விதியும் போனதும் கடை பிழைத்துக்கொண்டது. நம் நாட்டில் 2021 ஏப்ரலில் முள்தேங்காய் எண்ணெய் (பாம் ஒயில்) இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டதையும், 2022 ஓகஸ்டில் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்ன எண்ணெயில்தான் பொரிக்க வேண்டும், இன்ன நாட்டு உறைகிழங்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும்போது, வர்த்தமானி அதைக் கொண்டுவரக் கூடாது என்று சொன்னால், இடையில் அகப்பட்டவர் யாரிடம் போய் நிற்பார்?

இவை எல்லாவற்றையும் ஒரு சட்டம் தீர்த்துவிடாது என்பதை அறிவேன். ஆனால் சட்டமே இல்லாதிருப்பது வேறு விஷயம். பிரான்சைஸ் உறவுக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் ஆளுக்கொரு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்க, உரிமம் எடுப்பவர் ஒப்பமிடும் முன் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்ற நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் 1979 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, கையொப்பத்துக்கோ பணம் கைமாறுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் 23 தலைப்புகளில் விவரம் கொடுக்கப்பட வேண்டும். எத்தனை கிளைகள் மூடப்பட்டன, என்னென்ன வழக்குகள் நடந்தன என்பதோடு, விலகிப்போன முன்னாள் உரிமதாரர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒன்றே பல குடும்பங்களைக் காப்பாற்றப் போதுமானது. ஏனெனில் விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை விலகிப்போனவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மலேசியா 1998இலேயே தனிச் சட்டம் இயற்றி, பதிவைக் கட்டாயமாக்கி, ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்குக் குறையக்கூடாது என்றும், ஒப்பமிட்ட பின்னும் மனம் மாறி விலக உரிமதாரருக்கு ஒரு தவணை உண்டு என்றும் வைத்தது. தானே ஒரு வருடம்கூட நடத்திப் பார்க்காத வணிகமுறையை இன்னொருவருக்கு விற்கக்கூடாது என்று வியட்நாம் 2006இல் விதித்தது. குறைந்தது இரண்டு கடைகளை ஓராண்டுக்கு மேல் நடத்தியிருக்க வேண்டும் என்று சீனா 2007இல் விதித்தது. எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கம் இருந்தால், யுனிட்ரொய்ட் என்னும் சர்வதேச நிறுவனம் 2002இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் இருக்கிறது. அதை எடுத்து நம் பருவத்துக்கும் செலாவணிக்கும் ஏற்பத் திருத்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.

2024 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் தாய் நிறுவனம் தன் இலங்கைப் பங்காளியுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக அறிவிக்கப்பட்டு, இங்கிருந்த 12 கிளைகளும் மூடப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. இரு தரப்பும் வழக்கறிஞர்களை அமர்த்தும் வலுவுள்ளவர்கள். ஆனால் அத்தகைய முறிவு ஒரு சிறிய உரிமதாரருக்கு நேர்ந்திருந்தால், பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்த கட்டடமும், வேறெதற்கும் பயன்படாத அடுப்பும், அதே தொழிலை வேறு பெயரில் செய்யக்கூடாது என்ற போட்டித் தடையும் சேர்ந்து அவரை என்ன செய்திருக்கும் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். முறிவுக்கு முன் நியாயமான அறிவித்தல் காலமும், குறையைத் திருத்திக்கொள்ளத் தவணையும், எஞ்சிய சரக்கையும் கருவியையும் திரும்ப எடுக்கும் கடமையும் சட்டத்தில் இருந்தாக வேண்டும். தகராறு வந்தால் வெளிநாட்டு நகரம் ஒன்றில்தான் தீர்ப்பாயம் என்ற நிபந்தனையை, குறித்த தொகைக்குக் கீழ்ப்பட்ட ஒப்பந்தங்களில் செல்லாததாக்குங்கள். 1995ஆம் ஆண்டிலிருந்தே நடுத்தீர்ப்புச் சட்டம் வைத்திருக்கும் நாடு கொழும்பில் அதை விசாரிக்க முடியாதா?

இவ்வளவும் சொல்வதால் வெளிநாட்டுப் பெயர்களுக்குக் கதவை அடைக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். பெர்முடா அப்படிச் செய்தது. 1990களில் வெளிநாட்டு உரிம உணவகங்களைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. அது மிகச் சிறிய, மிக வசதியான தீவு; அதற்கு அது கட்டுபடியாகலாம். நமக்கு ஆகாது. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் வரும் குடும்பத்துக்குத் தெரிந்த பெயரும் சுத்தமான கழிப்பறையும் ஒரு நிம்மதி என்பதை எவரும் மறுக்க முடியாது. நம் பிள்ளைகள் அந்த நிறுவனங்களில்தான் நேரம் தவறாமையையும் சமையலறைச் சுகாதாரத்தையும் பழகுகிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு முறையை நீங்கள் பிரான்சைஸாகக் கண்டுகொள்ளவில்லை என்பதே என் முக்கியமான மனக்குறை. விவசாயத் திணைக்களத்தின் முயற்சியில் தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என்றும் வடக்கில் ‘அம்மாச்சி’ என்றும் நடக்கும் உணவகங்களையே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். வரிசையாகத் தடுத்துப் பிரித்த அடுப்படிகள். ஒவ்வொன்றிலும் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் அணிந்த ஒரு பெண், வாங்குகிறவர் கண்ணெதிரிலேயே தோசையை ஊற்றுகிறார், வடையைப் பொரிக்கிறார், அடுத்த அடுப்படியில் இலைக்கஞ்சி ஆவி பறக்கிறது. கோதுமை மாவுக்குப் பதிலாக அரிசி மாவும் குரக்கனும் உளுந்தும். பயிற்சியும் சுகாதார விதியும் மேலிருந்து வருகின்றன, பெயர் பொதுவானது, உழைப்பும் வருமானமும் அந்தந்தப் பெண்ணுக்குரியவை. பொதுவான பெயர், பொதுவான தரம், பயிற்சி, மேற்பார்வை, தனித்தனி உரிமையாளர்: உலகெங்கும் பிரான்சைஸ் என்று விற்கப்படுவதன் எல்லா உறுப்புகளும் இதில் இருக்கின்றன. டொலரில் அனுப்ப வேண்டிய கட்டணம் மட்டும் இல்லை. முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டுப் பயணிகளும் அங்கே வரிசையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். இதை நலத்திட்டம் என்ற கோப்பிலிருந்து எடுத்து வணிகம் என்ற கோப்பில் வைத்து, வணிகக்குறியைப் பதிந்து, செயல்முறைக் கையேடு எழுதி, சிகிரியாவிலும் எல்லவிலும் காங்கேசன்துறைத் துறைமுகத்திலும் உரிமம் வழங்கினால் என்ன? நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்திறங்கும் இடத்தில் பயணி முதலில் காணும் பெயர்ப்பலகை எதுவாக இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இது கனவல்ல என்பதற்கு மற்றத் தீவுகள் சாட்சி. பிலிப்பைன்ஸின் துரித உணவு நிறுவனமான ஜொலிபீ 1975இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கி, 1981இல் அங்கே வந்த மெக்டொனால்ட்ஸைத் தன் மண்ணில் பின்தள்ளியது. இன்று வெளிநாடுகளில் அது உரிமம் கொடுக்கும் நிறுவனம். 1972இல் பார்படோஸில் தோன்றிய செஃபெட் என்னும் துரித உணவகம் இன்றும் அத்தீவில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. 1996இல் அங்கே கடை திறந்த மெக்டொனால்ட்ஸால் நிலைக்க முடியவில்லை. நம் நாட்டிலும் 2011இல் கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒப் கிராப் என்னும் நண்டு உணவகம் பின்னர் மும்பை, ஷாங்காய், மாலைதீவு வரை போனது. நம் களப்பு நண்டு அதற்கு முன்பே சிங்கப்பூர் உணவுப் பட்டியல்களில் ‘இலங்கை நண்டு’ என்ற பெயரோடு இடம்பெற்றிருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பண்டமும் பெயரும் நம்முடையதாக இருந்தும் கடை பிறருடையதாக இருந்த காலம் அது.

உணவைத் தாண்டியும் சிலவற்றைச் சொல்லலாம். நான்கு அறை, ஆறு அறை கொண்ட விருந்தினர் இல்லங்கள் ஏற்கெனவே ஒரு பெயருக்குக் கப்பம் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இணைய முன்பதிவுத் தளங்களுக்குப் போகும், பதினைந்து சதவீதத்தை ஒட்டிய தரகே அது. அந்தத் தளம் விரிப்பை வெளுத்துத் தராது, பணியாளரைப் பயிற்றாது, பருவமில்லாத மாதத்தில் ஆள் அனுப்பாது. நூறு இல்லங்கள் ஒரே உள்நாட்டுப் பெயரில், ஒரே விரிப்புத் தரத்தில், பொதுவான சலவை நிலையத்தோடும் பொதுவான முன்பதிவோடும் இணைந்தால் அந்தத் தரகில் ஒரு பகுதியாவது நாட்டுக்குள் நிற்கும். சலவை, மோட்டார் சைக்கிள் வாடகை, அலைச்சறுக்குப் பயிற்சி, ஆயுர்வேதச் சிகிச்சை ஆகியவற்றிலும் இதே வாய்ப்பு உண்டு. ஆயுர்வேதத்தில் மட்டும் பெயரைக் கொடுக்கும் முன் மருத்துவத் தகுதியைச் சோதிக்கும் ஏற்பாடு கண்டிப்பாக வேண்டும். எண்ணெய் பூசத் தெரிந்தவரெல்லாம் வைத்தியராகிவிடும் கடற்கரைகள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பெயருக்கு உரிமம் எடுக்கிறேன் என்று ஒருவர் போனால் வங்கி அமரச் சொல்லி விசாரிக்கிறது. உள்நாட்டுப் பெயர் ஒன்றைப் பத்துக் கிளையாக்கப் போகிறேன் என்றால் காணி உறுதியைக் கேட்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் காணி உறுதி எத்தனை பேரிடம் தெளிவாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவுசெய்த உள்நாட்டு உரிம முறையில் சேரும் சிறு முனைவோருக்கு அரசின் கடன் உத்தரவாதத்தை விரிவாக்குவது, வரிவிடுமுறை கொடுத்து வெளிநாட்டு நிறுவனத்தை அழைப்பதைவிடக் குறைந்த செலவில் முடியும் என்றே கருதுகிறேன். வரிச்சலுகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மூலப்பொருளில் ஒரு பங்கை இந்நாட்டு விவசாயியிடமும் மீனவரிடமும் வாங்குவதையும், கொழும்பு மாவட்டத்துக்கு வெளியே உள்ளுரிமம் வழங்குவதையும் அதற்கு நிபந்தனையாக்குங்கள். பருவமில்லா மாதங்களில் குறைந்தபட்சக் கட்டணம் கிடையாது என்பதையும், கட்டணம் ரூபாயில் கணிக்கப்படும் என்பதையும் அதே பத்திரத்தில் சேர்க்கலாம். கசப்பாக இருந்தாலும், வரவிரும்புகிற நிறுவனம் பேசித்தான் தீரும்.

கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். செலவு மிகக் குறைந்தது என்பதால் சட்டம் வரும்வரை காத்திராமல் ஒரு சுற்றறிக்கையாலேயே செய்யக்கூடியது. எழுபது, எண்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் தாய் தகப்பனின் வீட்டை ஈடுவைத்து ஒப்பமிடும் பிள்ளைகள், அதில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதியின் வாய்மொழியாகவே அறிகிறார்கள். கட்டணங்கள், காலம், முறிவு, போட்டித் தடை, வழக்கு விசாரிக்கப்படும் இடம் ஆகிய ஐந்தையும் நான்கு பக்கத்துக்கு மிகாமல் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கி, உரிமம் வழங்குநரின் ஒப்பத்தோடு, பணம் வாங்குவதற்கு 14 நாட்களுக்கு முன் கையளிக்கும்படி, உங்கள் அனுமதியையோ பதிவையோ நாடி வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இன்றிலிருந்தே கேளுங்கள். அந்தச் சுருக்கத்தின் ஒரு பிரதியை மாவட்டச் செயலகத்திலும் வைத்திருங்கள்.

இங்ஙனம்,
கிழக்கிலும் வடக்கிலும் சிறு விடுதிகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவர்